சஸ்பென்ஷன் மாற்றக் கூலி எவ்வளவு? பட்டறைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

ஷாக் அப்சார்பர் என்ன விலை என்று போனைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை மாட்டக் கூலி எவ்வளவு என்பதுதான் எங்கேயும் எழுதியிருக்காது. ஒரே காருக்கு, ஒரே சாமானுக்கு மூன்று பட்டறையில் கேட்டால் மூன்று விலை வரும். யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை, மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒருவர் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் சொன்னார், இன்னொருவர் வீல் அலைன்மென்ட்டையும் சேர்த்தார், மூன்றாமவர் வரியோடு சொன்னார். அவர்கள் எந்த வேலைக்கு விலை சொன்னார்கள் என்பது நமக்குப் புரியாததால் மலிவானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு துண்டு துண்டாகக் கட்டுகிறோம்.

முதல் தடவையாக சஸ்பென்ஷன் மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டுச் சாலையில் ஓடும் சாதாரண ஹேட்ச்பேக் அல்லது செடான். ஜிம்னி, மஹிந்திரா தார் போன்ற ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி கீழே இருக்கிறது.

படி 1: என்ன மாற்றப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள்

"சஸ்பென்ஷன் அப்கிரேடு பண்ணணும்ணே" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் விலை சொல்ல முடியாது. மேம்பாடு என்று நாம் சொல்வதில் குறைந்தது மூன்று வகை உண்டு.

முதல் வகை, உயரத்தை மாற்றாமல் நல்ல ஷாக் போடுவது. பழைய எண்ணெய் ஷாக்கை எடுத்துவிட்டு கேஸ் ஷாக் போடுவது, பில்ஸ்டீன் என்ற கம்பெனியின் பி6 மாதிரியான மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் போடுவது எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, ஸ்பிரிங்கையும் மாற்றி காரைக் கொஞ்சம் இறக்குவது. இதற்கு ஷாக்கும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். பில்ஸ்டீனில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய ஸ்பிரிங்குக்கு என்று தனியாக வருவது இதனால்தான். மூன்றாவது வகை, திருகி உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயில் ஓவர். ஏர் சஸ்பென்ஷனை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதில் கம்ப்ரெசர், டேங்க், ஒயரிங் என்று நாள்கணக்கில் வேலை இருக்கிறது. அதைத் தொடர்ந்து செய்யும் கடையில் மொத்தமாகப் பேசுவதே சரி.

கூலிக் கணக்கில் புதியவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. முன்பக்கம் ஸ்பிரிங் மட்டும் மாற்றினாலும், ஷாக் மட்டும் மாற்றினாலும், இரண்டையும் சேர்த்து மாற்றினாலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டை மொத்தமாக வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அமுக்கி, மேல் நட்டைக் கழற்றினால்தான் எதுவும் பிரியும். "இந்த மாதம் ஸ்பிரிங் போடுவோம், போனஸ் வந்ததும் ஷாக் போடுவோம்" என்று நினைப்பவர்கள் ஒரே கூலியை இரண்டு முறை கொடுக்கிறார்கள். காசு சேரும்வரை பொறுத்திருந்து ஒரே நாளில் முடிப்பதே லாபம்.

ஆக்சசரீஸ் கடைகளில் ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் விற்பார்கள், கால் மணி நேர வேலை. மாட்டச் சொல்ல மாட்டேன். அது ஸ்பிரிங்கின் சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஷாக் செத்துப்போன காரில் போட்டால் இன்னும் அதிகமாகத் துள்ளும். ஸ்பிரிங்கை அறுத்துக் காரை இறக்கித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வேறு எந்த வேலைக்கும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

படி 2: எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூலி என்பது நேரம். நேரத்தை முடிவு செய்வது கழற்ற வேண்டிய போல்ட்டுகள்.

நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான டார்ஷன் பீம். முன்பக்கம் ஒரு சக்கரத்தில் நடப்பது இது: டயர் கழற்ற வேண்டும்; பிரேக் ஓஸ் பிராக்கெட்டையும் ஏ.பி.எஸ். ஒயரையும் விடுவிக்க வேண்டும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட்டை எடுக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளோடு சேரும் இரண்டு பெரிய போல்ட், பிறகு பானெட்டுக்கு அடியில் மேல் மவுண்ட்டின் நட்டுகள். சில மாடல்களில் மேல் நட்டைத் தொட வைப்பருக்கு அடியில் இருக்கும் மூடியான கவுலையே கழற்ற வேண்டியிருக்கும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் ஸ்பிரிங் கம்ப்ரெசரில் வைத்து அமுக்கி, மவுண்ட், பேரிங், ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடி தாங்குவது), டஸ்ட் பூட் (தூசி உறை) என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, புது ஷாக்கில் அதே வரிசையில் ஏற்றவேண்டும். பழக்கப்பட்ட கைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் ஆகும்.

பின்பக்கம் எளிது. டார்ஷன் பீம் காரில் பெரும்பாலும் ஸ்பிரிங் தனியாக, ஷாக் தனியாக நிற்கும். பீமை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போதும். ஷாக்கின் மேல் நட்டு டிக்கியின் உள்பக்க டிரிம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மாடல் என்றால் இன்னும் அரை மணி கூடும்.

அதனால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே கூலி கேட்டால் எதனால் என்று விசாரிக்கலாம். "நாலு ஷாக்குக்கும் ஒரே ரேட்டு" என்று சொல்லும் கடைகள் உண்டு. நாலையும் மாற்றும்போது அது சராசரியாகச் சரியாக வந்துவிடும். பின்பக்கம் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு நஷ்டம்.

மாடலுக்கு மாடல் வித்தியாசமும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் போலோவில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி ஒரு கிளாம்ப் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். அதை விரிக்கத் தனிக் கருவி இருக்கிறது. அது இல்லாத பட்டறையில் உளியை வைத்து அடிப்பார்கள். மாருதி வேலையே பார்த்துப் பழகிய கடையில் போலோவுக்கு அதிகக் கூலி கேட்டால் அதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கருவி அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது துரு. திருவான்மியூர், ஈ.சி.ஆர்., தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் ஸ்டெபிலைசர் லிங்க் நட்டும் பின் ஷாக்கின் கீழ் போல்ட்டும் பிடித்துக்கொள்ளும். லிங்க் நட்டை அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்ற நிலை சாதாரணமாக வரும். அப்படி அறுத்தால் லிங்க் புதிது போட்டாக வேண்டும். கடல் ஓரத்து வண்டி என்றால் முந்தின நாளே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள், பாதிச் சண்டை குறையும்.

படி 3: கூலியைக் கடை எப்படிக் கணக்குப் போடுகிறது

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று உற்பத்தியாளர் போட்டுக்கொடுத்த அட்டவணை இருக்கும். மெக்கானிக் சீக்கிரம் முடித்தாலும் தாமதமாக முடித்தாலும் பில்லில் வருவது அட்டவணை நேரம்தான். அந்த நேரத்தை அந்த ஊருக்கு வைத்திருக்கும் மணிக் கட்டணத்தால் பெருக்குவார்கள். தனியார் மல்ட்டிபிராண்டு கடைகளும் இதே முறையைச் சற்றுத் தளர்த்திப் பயன்படுத்துகின்றன. தெருமுனைப் பட்டறையில் மணிக்கணக்கு கிடையாது. "ஒரு சைடுக்கு இவ்வளவு" என்பார்கள், அல்லது மொத்தமாக ஒரு தொகை.

கேள்வி கேட்க வேண்டிய இடம், ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நேரம். ஒரு உதாரணம் பாருங்கள். ஸ்ட்ரட் மாற்றுவது ஒரு வரி, ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றுவது இன்னொரு வரி என்று எஸ்டிமேட்டில் இருக்கும். லிங்க்கைத் தனியாக மாற்றினால் டயர் கழற்றுவதும் அதன் கூலியில் சேரும். ஆனால் ஸ்ட்ரட்டுக்காக டயர் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது, லிங்க்கின் மேல் நட்டும் கழன்றுவிட்டது. மிச்சம் இருப்பது கீழ் நட்டு ஒன்று. அதற்கு முழுக் கூலி போடுவது நியாயமில்லை. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை), டை ராடு எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை), பிரேக் பேடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சர்வீஸ் அட்வைசரிடம் சண்டை போட வேண்டாம். "சார், ஸ்ட்ரட் எடுக்கும்போதே இதுவும் பாதி கழன்றுவிடுகிறதே, லேபரைச் சேர்த்துப் போட முடியுமா?" என்று கேட்டால் போதும். பெரும்பாலான இடங்களில் குறைப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்கும் வாடிக்கையாளர் குறைவு என்பதால், கேட்டவரைக் கொஞ்சம் மரியாதையாகவே நடத்துவதையும் பார்த்திருக்கிறேன்.

வரி தனி. கூலிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஸ்பேர் பாகங்களுக்கு முன்பு பெரும்பாலும் 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்து எஸ்டிமேட் வந்தால் இந்த ஒரு வரியைச் சரிபார்க்கலாம். சிறிய பட்டறை வரி போடாவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவே தேவையில்லை. அதேபோல் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாத கடை வரி என்று தனியாக ஒரு தொகை கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

படி 4: உள்ளே இருக்கும் சின்னச் சாமான்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கூலியில் பணம் போவது விலை அதிகம் சொல்லும் கடையால் அல்ல, ஒரே இடத்தை இரண்டு முறை திறப்பதால்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது கையில் வரும் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட் ஆகியவை ரப்பரும் பிளாஸ்டிக்கும். ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அவை ஷாக்கோடு சேர்ந்தே கிழடாகியிருக்கும். விலை உயர்ந்த ஷாக்கைப் பழைய மவுண்ட்டில் ஏற்றினால், சில மாதங்களில் ஸ்டியரிங் ஒடிக்கும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் சத்தமோ குழியில் இறங்கும்போது டக் டக் என்ற சத்தமோ கேட்கும். சரிசெய்ய மறுபடி ஸ்ட்ரட் வெளியே வரவேண்டும்.

இதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். கணக்கு புரிவதற்காக மணிக்கு 600 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கடையின் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் 3 மணி, பின்பக்கம் ஒன்றரை மணி: நாலரை மணி நேரத்துக்கு 2,700 ரூபாய். வீல் அலைன்மென்ட்டுக்கு 600. மொத்தம் 3,300. வரி 594. ஆக 3,894 ரூபாய்.

ஆறு மாதம் கழித்து மவுண்ட் சத்தம் போட்டு முன்பக்கத்தை மறுபடி திறந்தால்: 3 மணிக்கு 1,800, அலைன்மென்ட் மறுபடி 600, வரி 432. மொத்தம் 2,832 ரூபாய், கூலி மட்டும். புது மவுண்ட்டை முதல் முறையே மாட்டியிருந்தால் இந்தக் கூலி பூஜ்யம். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு இரண்டு பக்க மவுண்ட்டும் பேரிங்கும் பொதுவாக இந்தத் தொகைக்குக் கீழேயே முடிந்துவிடும்.

எனவே ஷாக் வாங்கும்போதே இந்தச் சாமான்களையும் இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஆகியவற்றை வண்டி லிஃப்ட்டில் ஏறியதும் ஆட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். விலை குறைவு என்பதால் நான் பெரும்பாலும் லிங்க்கையும் மாற்றிவிடுவேன். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால் இரண்டு வழி. புஷ்ஷை மட்டும் வாங்கி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றலாம். பிரஸ் இல்லாத பட்டறை அதை லேத் கடைக்குக் கொடுத்தனுப்பும், அந்தக் கூலி தனி. அல்லது பால் ஜாயின்ட்டோடு முழு ஆர்ம்மையே புதிதாகப் போடலாம். சாமான் விலை கூடும், கூலியும் நேரமும் குறையும். சிறிய கார்களில் இரண்டாவது வழி கடைசிக் கணக்கில் பெரிய வித்தியாசம் காட்டாது.

படி 5: எந்தக் கடை?

கம்பெனி சர்வீஸ் சென்டர் வெளிச்சாமானை மாட்ட மாட்டேன் என்று சொல்வது சகஜம். கம்பெனி ஷாக்கையே புதிதாகப் போடுவதென்றால் அங்கே போகலாம். வாரன்டி காலத்தில் இருக்கும் வண்டிக்கு அதுதான் புத்திசாலித்தனம். வெளியே ஸ்பிரிங் மாற்றிய பிறகு வீல் பேரிங் சத்தம் போட்டது என்று போனால், வாரன்டியில் சேராது என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

நல்ல மல்ட்டிபிராண்டு பட்டறை பெரும்பாலானவர்களுக்குப் போதும். போய்ப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுவரில் அல்லது தரையில் பொருத்திய ஸ்பிரிங் கம்ப்ரெசர் இருக்கிறதா? அமுக்கிய ஸ்பிரிங்கில் சில நூறு கிலோ விசை அடைபட்டிருக்கும். கயிறு கட்டி, கொக்கி மாட்டி அமுக்குகிற இடத்தில் உங்கள் சாமானுக்கு மட்டுமல்ல, அங்கே வேலை பார்க்கும் பையனின் கைக்கும் ஆபத்து. இந்த ஒரு கருவியைப் பார்த்தே கடையை எடை போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

காயில் ஓவர் போடுகிறவர்கள் அந்த வேலை தெரிந்த இடத்துக்கே போகவேண்டும். கோயம்புத்தூரில் பந்தயமும் ரேலியும் பல தலைமுறையாக ஓடுகின்றன. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் அது. பந்தய வண்டி வேலை பார்த்த கைகள் அங்கே நிறைய உண்டு. சென்னையிலும் இருங்காட்டுக்கோட்டை டிராக் வட்டாரத்தில் விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். கூலி அதிகம்தான். மாட்டுவது காயில் ஓவரில் பாதி வேலை; நாலு மூலையின் உயரத்தை அளந்து திருகிச் சமன் செய்வது, ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி திருத்துவது, அதன்பின் அலைன்மென்ட் செய்வது எல்லாம் மீதிப் பாதி. "மாட்டித் தர இவ்வளவு" என்று மட்டும் சொல்லும் கடையில் அந்த மீதி நடக்காது.

சென்னை ஜி.பி. ரோட்டில் சாமான் வாங்கினால் அங்கேயே பக்கத்தில் மாட்டித் தர ஆள் இருப்பார்கள். சீட் கவருக்கும் ஹாரனுக்கும் அது சரி. சஸ்பென்ஷனுக்கு லிஃப்ட்டும் அலைன்மென்ட் மெஷினும் இருக்கும் இடமாகத் தேடுங்கள். புதுப்பேட்டையில் பழைய ஸ்ட்ரட்டை மலிவாக வாங்கி மாட்டும் யோசனை வேண்டாம். கதவும் பம்பரும் பழையது வாங்கலாம். எத்தனை கிலோமீட்டர் அடிவாங்கியது என்று தெரியாத ஷாக்குக்கு முழுக் கூலி கொடுத்து மாட்டுவதில் அர்த்தமில்லை.

சாமானை நீங்களே வாங்கிக்கொண்டு போனால் கூலி கொஞ்சம் ஏறும். சாமானில் கிடைக்கும் லாபம் கடைக்கு இல்லாமல் போய்விடுகிறதே. அதைவிட முக்கியம், மாட்டிய ஷாக் ஒரு மாதத்தில் கசிந்தால் சாமான் விற்றவர் புது ஷாக் தருவார். மறுபடி கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில். கடையிலேயே வாங்கினால் இரண்டுக்கும் ஒரே ஆளைப் பிடிக்கலாம். விலை வித்தியாசம் முன்பக்கக் கூலியைவிடக் குறைவாக இருந்தால் கடையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

படி 6: எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, எழுத்தில் இருக்கவேண்டும். அதில் இவை தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: முன், பின் கூலி தனித்தனியாக, ஸ்பிரிங் மாற்றிப் போடுவது கூலிக்குள் அடக்கமா, அலைன்மென்ட் அடக்கமா, எத்தனை முறை, வரி சேர்த்தா, சேர்க்காமலா, போல்ட் துருப்பிடித்து உடைந்தால் என்ன தொகை, யாரைக் கேட்டுச் செய்வார்கள், வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பு.

கடைசி இரண்டும்தான் பின்னால் தகராறு வரும் இடங்கள். "அறுக்கணும்னா போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் அறுக்கணும்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய சாமான்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடவே கூடாது, வண்டி விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

ஜிம்னி, தார் வைத்திருப்பவர்களுக்கு

ஜிம்னியில் முன்னாலும் பின்னாலும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. அதனால் ஸ்பிரிங் மாற்றுவது ஹேட்ச்பேக்கைவிட எளிது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் மாட்டும் கூலி குறைவாகச் சொல்லப்படுவதற்கும் அதுதான் காரணம். ஆனால் வண்டியைத் தூக்கியதும் இரண்டு விஷயம் கெடும். முன் ஆக்சில் சுழன்று காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) குறையும், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். பக்கவாட்டில் ஆக்சிலைப் பிடிக்கும் ராடு வட்டப்பாதையில் நகர்வதால் ஆக்சில் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். முதலாவதற்கு காஸ்டர் திருத்தும் புஷ் வேண்டும், அதற்குப் பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்து எடுக்கவேண்டும். இரண்டாவதற்கு நீளம் மாற்றக்கூடிய ராடு. உயரம் அதிகமானால் பிரேக் ஓஸும் நீளமாக வேண்டும். கிட்டின் கூலியை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் பாதித் தொகைதான் கையில் இருக்கும். இவையெல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று கேளுங்கள்.

புதுத் தாரில் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும்), ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது. அங்கே மறுபடி கம்ப்ரெசர் வேலை, அலைன்மென்ட், மேல் ஆர்ம்மின் கோணம் எல்லாம் வரும். முன்பக்கக் கூலி பின்பக்கத்தைவிட நன்றாகவே அதிகமாக இருக்கும்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத பாகம் பொருத்தினால் 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு வரலாம். கம்பெனி அளவுக்குச் சமமான ஷாக் போடுவதில் யாரும் தலையிடப்போவதில்லை. கண்ணுக்குத் தெரியும்படி இறக்குவதும் தூக்குவதும் வேறு. அதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

படி 7: வேலை நடக்கும் நாள்

காலையில் முதல் வண்டியாக விடுங்கள். மாலை நாலு மணிக்கு ஆரம்பித்த சஸ்பென்ஷன் வேலை அவசரத்தில் முடியும். முடிந்தால் கூடவே இருங்கள். ஆனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கேள்வி கேட்டு மெக்கானிக்கைக் குடையாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்று இடத்தில் மட்டும் கண் வைத்தால் போதும்.

ஒன்று, ஷாக்கின் மேல் நட்டை எப்படி இறுக்குகிறார் என்பது. ஏர் கன்னை வைத்து அடித்தால் உள்ளே ராடு பம்பரமாகச் சுழலும். ராடு சுற்றாமலிருக்க இடுக்கியால் பிடித்தால் பளபளப்பான பரப்பில் கீறல் விழும். அந்தக் கீறல் சீலை அறுத்து எண்ணெய் கசியும். ராடின் நுனியை ஆலன் கீயில் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குவதே முறை.

இரண்டு, நக்கிள் போல்ட்டைக் கழற்றும் முன் அடையாளக் கோடு போடுகிறாரா என்பது. பல கார்களில் அந்தத் துளையில் இருக்கும் சிறு இடைவெளியே காம்பர் கோணத்தை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவை, மாற்றிவிடும்.

மூன்றாவதைத்தான் அதிகம் பேர் செய்வதில்லை. லோயர் ஆர்ம், பின் பீம் போன்ற ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக இறுக்கவேண்டும். லிஃப்ட்டில் கால் தொங்கும்போது இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். "அண்ணே, கடைசி டைட்டு கீழே இறக்கிட்டு வெக்கலாமா?" என்று கேட்டால், வேலை தெரிந்தவர் தலையாட்டுவார்.

படி 8: அலைன்மென்ட், அதற்குப் பிறகு

ஸ்ட்ரட் கழன்றால் அலைன்மென்ட் கட்டாயம். அதில் மிச்சம் பிடித்தால் புது டயரின் உள் ஓரம் தேய்ந்து வேறு இடத்தில் கணக்குத் தீரும். மாற்றத்துக்கு முன், பின் அளவுகளின் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். டார்ஷன் பீம் காரில் பின் சக்கரத்தில் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. "நாலு வீலும் செட் பண்ணினேன்" என்று கூடுதல் கட்டணம் போட்டால், எதைத் திருகினார்கள் என்று கேட்கலாம்.

வண்டியின் உயரம் மாறினால் ஹெட்லைட்டின் நோக்கும் மாறும், அதைச் சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த ஏ.டி.ஏ.எஸ். (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு வசதி) வண்டி என்றால், உயரமோ அலைன்மென்ட்டோ மாறியபின் கேமராவை மறுபடி அளவிடச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அந்த வசதி பெரும்பாலும் கம்பெனி சென்டரில்தான் இருக்கும், அதற்குத் தனிக் கூலி. எஸ்டிமேட் போடும்போதே அதையும் கேட்டுவிடவேண்டும்.

பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். ஏதாவது ஒரு வேகத்தடை, கொஞ்சம் கரடுமுரடான ரோடு, ஒரு முழு வளைவு. சத்தம் இருந்தால் அப்போதே காட்டலாம். மறுநாள் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றே அமரும். அதனால் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் போல்ட் இறுக்கத்தையும் அலைன்மென்ட்டையும் மறுபடி பார்க்கவேண்டும். பல கடைகள் கேட்டால் இந்த இரண்டாவது சோதனையை இலவசமாகவோ பாதிக் கட்டணத்திலோ செய்து தரும். கேட்கவேண்டிய நேரம் பணம் கொடுப்பதற்கு முன்; ஒத்துக்கொண்டால் பில்லின் அடியிலேயே தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.